தவத்தின் முதல் துவக்கு

நான் ஜெர்மனிக்குப் போனது ஒரு துவக்கு வாங்க. எனக்கல்ல, என் மாமா மகன் தவத்துக்கு. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, மலையடிவாரத்தில் உள்ள ஒரு சின்ன ஊரில் அவன் இருக்கிறான். அகதியாக வந்து, பாத்திரம் கழுவத் தொடங்கி, இருபத்தெட்டு வருடமாக அதே உணவு விடுதியில் வேலை. இப்போது தலைமைச் சமையல்காரன். போன மாசி மாதம் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மச்சான், வேட்டைச் சோதினை பாஸ் பண்ணிப்போட்டன். மே மாசம் முதல் துவக்கு வாங்கப்போறன். நீ வந்து நிண்டு தெரிஞ்செடுத்துத் தரவேணும்."

உலகத்தில் இத்தனை பேர் இருக்க அவன் என்னைக் கூப்பிட்ட காரணத்தைச் சொல்ல வேண்டும். சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

நான் ரொறன்ரோவில் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். நாலு வருடங்களுக்கு முன்பு, கூட வேலை செய்யும் ஒருவன் தன் பண்ணைக்கு மான் வேட்டைக்கு அழைத்துப் போனான். அவன் காட்டுக்குள் இறங்கினான். நான் குளிருக்குப் பயந்து, அவனுடைய வாகனத்துக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் இருந்தேன். அவன் சுட்டுக்கொண்டு வந்த மானுக்குப் பக்கத்தில், அவனுடைய துவக்கைக் கையில் பிடித்தபடி ஒரு படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "நீயோ சுட்டது?" என்று தவம் கேட்டிருந்தான். "முந்நூறு மீட்டர். ஒரே வெடி" என்று எழுதிவிட்டேன்.

விளையாட்டாகத்தான் எழுதினேன். ஆனால் தவம் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் வேட்டைக் காலம் வந்ததும், "இந்த முறை போனனியோ?" என்று கேட்பான். நானும் வாயாலேயே ஒரு மானைச் சுட்டுக் கொடுப்பேன். அதற்காக இணையத்தில் காணொளிகள் பார்த்து, குழல் நீளம், ரவைக்குண்டின் பாரம், காற்றின் போக்கு என்று சொற்களைப் பொறுக்கி வைத்திருந்தேன். உண்மையில் நான் ஒருநாளும் விசையைத் தொட்டதில்லை.

உண்மையைச் சொல்ல ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். நான் விமானத்துக்கு ரிக்கெற் எடுத்தேன்.

பிராங்பேர்ட்டில் இறங்கிய அன்று நான் ஏற வேண்டிய ரயிலை ரத்துச் செய்துவிட்டார்கள். அடுத்தது ஏழாம் மேடை என்றார்கள். எல்லோரும் ஏழுக்கு நடந்தோம். ரயில் தூரத்தில் தெரியும்போது ஒன்பதாம் மேடை என்று அறிவித்தார்கள். பெட்டியையும் கோட்டையும் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கி ஓடினேன். கடைசியில் எனக்குப் பக்கத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்தது கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி. கணினி நிறுவனத்தில் வேலை செய்பவள். முன் இருக்கையில் வயதான பெண்கள் இருவர் ஜெர்மன் மொழியில் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். என்னவென்று அவளிடம் கேட்டேன்.

"முன்னாடி எல்லாம் ட்ரெயின் லேட்டானா கோவம் வருமாம். இப்போ கரெக்ட் டைமுக்கு வந்தா ராங் ட்ரெயினோன்னு பயமா இருக்காம், சார்."

நான் எதற்கு வந்தேன் என்று அவள் கேட்டாள். துவக்கு வாங்க என்றேன். "துவக்குன்னா?" என்றாள். துப்பாக்கி என்றேன். அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மிச்சப் பயணம் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

தவம் நிலையத்தில் காத்து நின்றான். அவனைப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு காண்கிறேன். தலை நரைத்து, வயிறு கொஞ்சம் முன்னுக்கு வந்திருந்தது. என்னைக் கட்டிப்பிடித்து, முதுகில் தட்டி, பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவரிடம் ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னான். அவர் தொப்பியைத் தொட்டு எனக்கு மரியாதை செய்தார்.

"என்ன சொன்னனீ?"

"கனடாவில இருந்து பெரிய வேட்டைக்காரன் வந்திருக்கிறார் எண்டு."

அன்று மாலை அவனுடைய விடுதியிலேயே சாப்பிட்டோம். அந்தப் பக்கத்து ஆட்கள் பயறுப் பருப்பைத் தடிப்பாகக் காய்ச்சி, கையால் செய்த நூடில்ஸ் மேல் ஊற்றி, ஒரு சொசேஜையும் வைத்துச் சாப்பிடுகிறார்கள். பருப்பைச் சோற்றோடு மட்டும் பார்த்த எனக்கு அது கலப்புத் திருமணம் போல இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஏதோ வீட்டு ருசி. "ஒரு சொட்டு மிளகு கூடப் போடுறனான்" என்றான் தவம். "இருபத்தெட்டு வருசமா ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை."

துவக்கு வாங்கும் ஆசை அவனுக்கு அந்தக் குசினி அடுப்படியில்தான் பிறந்தது. ஊர்க் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் கெல்லர் என்ற முதியவர், தான் சுடும் மானை இந்த விடுதிக்குத்தான் கொடுப்பார். தவம் அதைத் தோலுரித்துச் சமைப்பான். "இருபது வருசமா மற்றவை சுட்டதை வெட்டுறன். ஒருக்கா நான் போய், நான் பாத்து, நான் கொண்டுவந்து சமைக்கவேணும்" என்று கெல்லரிடம் சொல்லியிருக்கிறான். அவர் சிரிக்காமல், முதலில் படித்துச் சோதனை எடு என்றாராம். அந்த நாட்டில் வேட்டை அனுமதிக்குப் பெரிய படிப்பு. மிருகங்களின் நோய், மரங்களின் பெயர், சட்டம், நாய், துவக்கு எல்லாம் படிக்க வேண்டும். முதல்முறை தவறிவிட்டான். இரண்டாம் முறை பாஸ். அந்த வட்டாரத்து வேட்டைக்காரர் சங்கத்தில் அவன் ஒருவன்தான் தமிழன். கூட்டத்துக்குப் போனால் முதல் வரிசையில் இடம் விட்டுத் தருகிறார்களாம். அதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

அடுத்த நாள் துவக்குக் கடையில் டெர்மீன். குறித்த நேரம் இல்லாமல் அங்கே பல் பிடுங்கவும் ஏலாது, துவக்கு வாங்கவும் ஏலாது. கடைக்காரர் நெட்டையான மனிதர். கடை முழுக்க எண்ணெயும் மரமும் கலந்த மணம். தவம் போகப்போகும் இடம் எப்படிப்பட்டது, பரண் எங்கே இருக்கிறது, மான் எவ்வளவு தூரத்தில் வரும் என்று விசாரித்தார். காட்டோரப் புல்வெளி, எண்பது மீட்டர், மிஞ்சினால் நூறு என்றான் தவம். அவர் உள்ளே போய், கட்டையான, பாரமில்லாத ஒரு துவக்கை எடுத்து வந்து பச்சைக் கம்பளியில் வைத்தார். ஏற்கெனவே ஒருவர் பாவித்தது. சாதாரண தொலைநோக்கி. பரண் ஏணியில் இதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறலாம் என்றார்.

தவம் அதைத் தூக்கித் தோளில் வைத்தான். அவனுக்கென்று அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. எனக்கே தெரிந்தது. அவன் முகம் மலர்ந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ சொல்லு மச்சான்."

நல்லது, இதை எடு என்று சொல்லியிருந்தால் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் கடைக்காரர் சொன்னதையே நானும் சொல்வதென்றால், நான் எதற்குக் கடல் தாண்டி வந்தது? சுவரில் ஒரு நீளக் குழல் துவக்கு மாட்டியிருந்தது. கனத்த குழல். மேலே பெரிய தொலைநோக்கி, தூரத்துக்கேற்பத் திருகிக்கொள்ளும் குமிழ்களோடு. காணொளிகளில் நான் பார்த்தவை எல்லாம் அந்தச் சாதி.

"இது கிட்டத்துக்குத்தான் சரி" என்றேன். "நாளைக்கு அங்கால எல்லையில ஒரு மான் வந்து நிண்டா என்ன செய்வாய்? பாத்துக்கொண்டு இருப்பியோ? தூரத்துக்கு அடிக்கிறதை எடு."

தவம் அதை மொழிபெயர்த்தான். நான் சொன்னதை விட நீளமாகவே சொன்னான். கடைக்காரர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். முந்நூறு மீட்டரில் சுடும்போது காற்றுக்கு என்ன கணக்குப் பார்க்கிறீர்கள் என்று.

"அது பழக்கத்தில வாறது" என்றேன்.

அவர் சுவரில் இருந்த துவக்கை இறக்கிக் கம்பளியில் வைத்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். தவம் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னான்.

"தூரத்துக்கு அடிக்கிற துவக்கு என்னட்டை இருக்கு, தூரத்துக்கு அடிக்கிற ஆள் அதோட சேர்ந்து வராது எண்டுறார். நான் சொன்னன், ஆளைத்தானே கனடாவில இருந்து கொண்டந்திருக்கிறன் எண்டு."

நீளத் துவக்கைத்தான் வாங்கினோம். அதன் பெட்டி காரின் பின்பக்கத்தில் அடங்காமல், ஒரு இருக்கையை மடிக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் குறி சரிபார்க்கச் சுடுகளத்துக்குப் போனோம். தவம் நூறு மீட்டரில் நன்றாகச் சுட்டான். மூச்சை விட்டு, நிறுத்தி, சமையல்காரன் உப்புப் போடுகிற நிதானத்தோடு சுட்டான். மூன்று ஓட்டைகளையும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயால் மூடலாம். அங்கே பொறுப்பாக இருந்தவர், விருந்தாளியும் ஐந்து வெடி வைக்கட்டும் என்று இடம் விட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் தோள்மூட்டுப் பிடித்துவிட்டது என்றேன். ரயிலில் பெட்டியைத் தூக்கியபோது.

வீட்டுக்கு வந்ததும் தவத்தின் மனைவி வதனி எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தாள். அவள் முதியோர் இல்லத்தில் தாதி. காலை ஐந்து மணிக்கு எழுந்து போய், எட்டு மணி நேரம் மற்றவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, அப்போதுதான் வந்திருந்தாள்.

"எந்தத் தோள் அண்ணை?"

எந்தத் தோள் என்று நான் முன்பு சொன்னேன் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. வலது என்றேன். அவள் அதில் சூட்டோடு எண்ணெய் தேய்த்தாள். நோகிறதா என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்தாள். நான் நோகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அன்றே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், "காணும் தங்கச்சி, போதும்" என்று மட்டும் வந்தது.

நாலாம் நாள் விடியப் பரணுக்குப் போனோம். பரண் என்றால் நம்முடைய தினைப்புனத்துப் பரண் போலத்தான். நாலு மரக்கால், ஏணி, மேலே கூரையோடு ஒரு சின்னப் பெட்டி. அந்தத் துவக்கோடு ஏணியேறத் தவம் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு நான் பின்னால் ஏறினேன். இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். புல்வெளியில் பனி ஆவி போலப் படுத்திருந்தது. எங்கோ ஒரு குயில், நம்முடைய குயில் இல்லை, இரண்டே சுரத்தில் கூவிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வெளியின் அந்தப் பக்க எல்லையில் ஒரு கடா தெரிந்தது. அங்கே உள்ள மான் சிறிசு. நம்முடைய ஆட்டுக்கடாவை விடக் கொஞ்சம் உயரம், செம்பழுப்பு, தலையில் ஒரு சாண் கொம்பு. தவம் தூரம் அளக்கும் கண்ணாடியால் பார்த்தான்.

"இருநூற்று முப்பது" என்றான் மூச்சுக் குரலில். "ஏலாது மச்சான். நூறுக்கு மேல வைக்கவேண்டாமெண்டு கெல்லர் சொன்னவர்."

"இந்தத் துவக்கு அதுக்குத்தானே வாங்கினது."

"கிட்ட வருமோ பாப்பம்."

"வராது. காட்டுக்குள்ள போகப்போகுது."

அவன் துவக்கைத் தூக்கினான், இறக்கினான். "வேண்டாம்" என்றான். அவன் இறக்கியபோது எனக்கு ஏமாற்றம் வந்தது என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. அவன் சுடாமல் விட்டால், கடைக்காரர் சொன்னது சரி, நான் சொன்னது பிழை என்று ஆகிவிடும். அதுதான் என் மனதில் ஓடியது.

"நான் பக்கத்தில இருக்கிறன்தானே" என்றேன். "வை."

"காத்து?"

"காத்து இல்லை."

நான் பார்க்கவே இல்லை. பிறகுதான் கண்டேன், அந்த எல்லையில் புல் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

வெடித்தது. கடா முதுகைக் கூன்போட்டு, பின்னங்கால் இரண்டையும் உதைத்து, தள்ளாடிக் காட்டுக்குள் நுழைந்தது. தவம் துவக்கை மெல்லச் சாய்த்து வைத்தான்.

"வயிறு" என்றான்.

இறங்கிப் போய்ப் பார்த்தோம். அது நின்ற இடத்தில் ரத்தம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பச்சையாக, அரைத்த கீரை போல. தவம் முழந்தாளில் இருந்து அதை விரலால் தொட்டு முகர்ந்தான். புத்தகத்தில் படித்தது அப்படியே முன்னால் கிடக்கிறது என்றான். உடனே பின்னால் போகக்கூடாது, போனால் அது இன்னும் தூரம் ஓடும். மூன்று மணி நேரம் காத்திருந்து, மோப்ப நாயோடுதான் போக வேண்டும். கெல்லரைத் தொலைபேசியில் கூப்பிட்டான். நின்ற இடத்தில் நேராக நின்று, வாத்தியாருக்கு முன் நிற்பது போலப் பேசினான்.

காத்திருந்த மூன்று மணி நேரமும் அது எங்கோ உயிரோடு கிடக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வதனி கட்டித் தந்த ரொட்டியும் சம்பலும் பையில் இருந்தன. தவம் தொடவில்லை. எனக்குப் பசித்தது. ஒரு ரொட்டி தின்றேன்.

கெல்லர் ஒரு பெண்ணோடு வந்தார். அவள் வார நாட்களில் தபால் கொண்டுபோகிறவள், பெயர் ஆன்யா. காயப்பட்ட மிருகங்களைத் தேடுவது அவள் சம்பளமில்லாமல் செய்யும் வேலை. காது தொங்கிய செந்நிற நாய் ஒன்று, நீளமான தோல்வாரில். என்னிடம் ஆங்கிலத்தில், எந்தப் பக்கம் ஓடியது, எப்படி ஓடியது என்று மட்டும் கேட்டாள். நாய் அந்தப் பச்சையை முகர்ந்து, தலை தூக்காமல் நடந்தது. முட்புதர், ஓடை, மறுபடி முட்புதர். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு பள்ளத்தில் நாய் நின்றது.

கடா படுத்திருந்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. எழும்ப முயன்றது. ஆன்யா பக்கவாட்டில் சுற்றிப் போனாள். ஒரு வெடி கேட்டது.

பிறகு அவள் பக்கத்து மரத்தில் ஒரு சின்னக் கொப்பை முறித்து, கடாவின் வாய்க்குள் வைத்தாள். அதன் கடைசிக் கவளமாம். அவர்களுடைய வழக்கம். நான் வாய்க்கரிசியை நினைத்துக்கொண்டேன். தவம் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி நின்றான். இறைச்சி பழுதாகிவிட்டது, சமைக்க ஏலாது, புதைக்க வேண்டும் என்று கெல்லர் சொன்னார். இருபது வருடம் காத்திருந்த சமையல்காரனுக்கு முன்னால் சொன்னார்.

பிறகு அவர் இரண்டு கேள்விகள் கேட்டார். முதலாவது, எவ்வளவு தூரம். தவம் மறைக்காமல் சொன்னான். ஆன்யா நாயின் காதைத் தடவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாவது கேள்வி எனக்கு விளங்கவில்லை. ஆனால் கெல்லர் என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார், யார் சொல்லிச் சுட்டது என்றுதான் இருக்கும். தவம் ஒரே சொல்லில் பதில் சொன்னான். எனக்குத் தெரிந்த பத்து ஜெர்மன் சொற்களில் அதுவும் ஒன்று. "இஹ்." நான் என்று அர்த்தம்.

நான் அங்கேதான் நின்றேன். காலில் குத்திய முள்ளைப் பிடுங்குவது போலக் குனிந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் தவம் வேலைக்குப் போய்விட்டான். வதனி சமையலறையில் இருந்தாள். கெல்லர் புரட்டாதி வரைக்கும் துவக்கு எடுக்க வேண்டாம் என்று தன் காட்டுக்குத் தந்திருந்த அனுமதிக் கடதாசியைத் திருப்பி வாங்கிவிட்டார் என்று சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியாது அண்ணை. முதல் தரம் ஃபெயில் விட்டவுடனே இந்த மேசையில இருந்து அழுதவர். பிறகு ஒவ்வொரு சொல்லாத் துண்டில எழுதி, பிரிட்ஜ், கதவு, ஜன்னல் எல்லாம் ஒட்டினவர். கக்கூசுக்குள்ளயும் ஒட்டினவர். இப்ப ஊரில என்ன கதைப்பினம்? வெளிநாட்டுக்காரனுக்குத் துவக்கைக் குடுத்தா இப்பிடித்தான் எண்டுவினம்."

சொல்லிவிட்டு, "உங்கட தோள் எப்பிடி?" என்று கேட்டாள்.

தவம் வந்ததும் என்னைக் கெல்லரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். எதற்கு என்றான். போவோம் என்றேன். கெல்லர் வீட்டு முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். "நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு" என்று தவத்திடம் சொல்லிவிட்டுத் தமிழில் தொடங்கினேன். நான் வேட்டைக்குப் போனதே இல்லை. அந்தப் படத்தில் உள்ள மானைச் சுட்டது இன்னொருவன். நான் வாகனத்துக்குள் இருந்தேன். அந்தத் துவக்கை வாங்கச் சொன்னது நான். இவன் வேண்டாம் என்றான், சுடச் சொன்னது நான். காற்றையும் நான் பார்க்கவில்லை. தோளில் நோவும் இல்லை.

அதையெல்லாம் தவமும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறான். அவனுடைய முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன்.

தவம் கீழே கிடந்த ஒரு விறகை எடுத்து அடுக்கில் வைத்தான். பிறகு கெல்லரைப் பார்த்து ஒரு வசனம் சொன்னான். ஒரே வசனம். கெல்லர் தலையாட்டி, கையுறையைக் கழற்றி என் கையைக் குலுக்கினார்.

கார் பாதி வழி வந்த பிறகு கேட்டேன். "என்ன சொன்னனீ?"

"நடந்ததுக்கு நீ கவலைப்படுறாய் எண்டு சொன்னன்."

"நான் சொன்னது அதில்லையே."

"விசையை இழுத்தது என்ர விரல். கடைசி முடிவு என்ர. அதுக்கு மேல, என்ர மாமியின்ர மகன் நாலு வருசமா என்னைப் பேய்க்காட்டி ஏமாத்தினவன் எண்டு அந்த மனுசனிட்டை என்ர வாயால சொல்லச் சொல்லுறியோ?"

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான்.

ஆறாம் நாள் நான் புறப்படும் நாள். காலையில் வீட்டில் நான் மட்டும். மணி அடித்தது. கெல்லர். காட்டில் தவம் கழற்றிப் பிடித்த தொப்பி அவருடைய வாகனத்தில் தங்கிவிட்டதாம். கொடுக்க வந்திருந்தார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். நான் அவரை இருத்தி, முந்தின நாள் தமிழில் சொன்னதைத் திரும்பவும் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"நேற்றும் இதைத்தான் சொன்னீர்களா?"

"ஓம்."

"தவம் இப்படிச் சொல்லவில்லை."

"தெரியும்" என்றேன்.

அவர் தொப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு இரண்டு நாளாக இருந்த பாரம் இறங்கிப்போனது. வதனி மூடி வைத்திருந்த சோற்றை நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த ஆறுதல் ரயில் நிலையம் வரைக்கும்தான். ரயில் ஐம்பது நிமிடம் பிந்தி வரும் என்று பலகையில் விழுந்தது. தவம் என்னை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. பக்கத்தில் நின்றான். நல்ல செய்தி சொல்வது போல, "காலமை கெல்லர் வீட்டை வந்தவர், எல்லாத்தையும் இங்கிலீசில சொல்லிப்போட்டன்" என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பினான்.

"ஏன்?"

"பழி உன்னில கிடக்கக்கூடாதெண்டு."

"மச்சான், அந்தாளுக்கு நான் இருபது வருசமாச் சமைச்சுக் குடுக்கிறன். ஒருநாளும் ஒரு பொய் சொன்னதில்லை. சுட்ட தூரத்தைக்கூட மறைக்கேல்லை. நேற்றுத்தான் முதல் தரம் ஒரு பொய் சொன்னன். உனக்காக. நீ இண்டைக்கு அதைக் கொண்டுபோய் அவரிட்டையே குடுத்திட்டாய்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான். "உனக்கு நெஞ்சு லேசாகவேணும். அதுக்குத்தான் சொன்னனீ."

மிச்ச நேரம் முழுக்க அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவனுடைய கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரயில் வந்ததும், "தோளில நோவு இல்லைத்தானே" என்று சொல்லி, பெட்டியை என்னிடமே விட்டுவிட்டான். ஆனால் கதவு மூடும்போது கையை உயர்த்தினான்.

ரொறன்ரோ வந்து, குடும்பக் குழுவில் அந்த மானை நான் சுடவில்லை என்று எழுதினேன். அரை மணி நேரம் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு லண்டனில் இருக்கும் சின்னம்மா ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. தவம் படித்தான், அடையாளம் விழுந்தது. பதில் இல்லை.

ஒரு மாதம் அவன் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் வதனி எடுத்து, அவர் வேலையில் அண்ணை என்பாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான்.

"கெல்லர் நேற்றுக் குசினிக்குள்ள வந்தவர்" என்றான், சுகம் விசாரிக்காமல்.

"என்ன சொன்னவர்?"

"உன்ர மச்சான் அண்டைக்கு அஞ்சு நிமிசம் கதைச்சவர், நீ அதை ஒரு வசனத்தில முடிச்சாய். தமிழ் சரியான சுருக்கமான பாசை போல எண்டார்."

மறுமுனையில் மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. நான் சிரிக்கத் துணியவில்லை.

"துவக்கை மாத்திப்போட்டன்" என்றான். "கடைக்காரர் முதல் காட்டினதையே எடுத்திட்டன். புரட்டாதியில கெல்லர் தானும் பக்கத்தில இருக்கிறாராம்."

நல்லது என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொல்ல நான் யார் என்று அடக்கிக்கொண்டேன்.

"வாற வருசம் வா" என்றான் தவம். "வதனியும் கேட்டவள். ஆனா பரணில ஏற விடமாட்டன். ஏணிக்குக் கீழதான் நிக்கவேணும்."

"ஓம்" என்றேன். "நிக்கிறன்."